ஒரு வருடத்துக்குள் மூன்று பிரேக் பூஸ்டர் மாற்றியாச்சு, பெடல் திரும்பவும் கல் மாதிரி ஆகிறது

கேரட்லோடு

வணக்கம். வண்டி 2010 மாடல் டீசல் பிக்கப், இரண்டரை லிட்டர் டர்போ எஞ்சின், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்கம் பம்ப் (காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவது) உட்கார்ந்திருக்கும் வகை. கம்பெனி பேர் வேண்டுமென்றேதான் போடவில்லை, போட்டால் என் கேள்வியை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி உசத்தி என்று சண்டை ஆரம்பித்துவிடும். கேத்தியில் கேரட், பீட்ரூட் ஏற்றி குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறேன். வாரம் நாலு நடை, ஒவ்வொரு நடையும் ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது.

வண்டியோடு வந்த பூஸ்டர், அதாவது அந்த வேக்கத்தின் பலத்தில் பிரேக் அமுக்கக் காலுக்கு உதவும் டப்பா, பதினாலு வருடம் உழைத்தது. அது 2024 ஜூனில் போனது, சரி, வயசாகிவிட்டது என்று புதுசு போட்டேன். அது நவம்பரில் போனது. அடுத்ததை 2025 ஏப்ரலில் மாற்றினேன். இப்போது ஓடுவது மூன்றாவது புது பூஸ்டர், மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் போன வாரம் பர்லியாருக்குக் கீழே இரண்டு வளைவு அடுத்தடுத்து வந்த இடத்தில் முதல் அமுக்கு சரியாகப் பிடித்தது, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதில் பெடல் இறங்கவே இல்லை. இரண்டு காலையும் வைத்து நின்று அமுக்கினேன். பக்கத்தில் லோடுமேன் பையன் இருந்தான், அவன் அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசவில்லை.

மெக்கானிக் ஒவ்வொரு முறையும் பூஸ்டரைக் கழற்றுகிறார், புதுசை மாட்டுகிறார், பிரேக் ஆயில் ஏர் எடுக்கிறார், அவ்வளவுதான். போன முறை கழற்றியதை நான் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன், ஹோஸ் மாட்டும் ஓட்டை வழியாக அரை டம்ளர் கறுப்புத் திரவம் கொட்டியது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்றார். ஒரு பூஸ்டர் கூலியோடு ஐயாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. நாலாவது வாங்குவதற்கு முன்னால் யாராவது வழி சொல்லுங்கள்.

வேகத்தடை

மூணுமே லோக்கல் டூப்ளிகேட்டாக இருக்கும். பெட்டியில் பேர் இருந்தால் போதுமா, ஹோலோகிராம் பார்த்து வாங்கினீர்களா? ஒரிஜினல் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். என் வண்டியில் போட்டு ஏழு வருடம் ஆச்சு.

பட்டறைப்பெரியவர்

வேகத்தடை தம்பி, டூப்ளிகேட் பூஸ்டருக்குள் ஆயில் எங்கிருந்து வந்தது? அந்த டப்பாவுக்குள் இருப்பது காற்றும் ஒரு ரப்பர் டயாபிரமும் ஸ்பிரிங்கும்தான், அதற்குள் சொட்டு ஆயில் வேலையில்லை. ஒரிஜினல் போட்டிருந்தாலும் இதே கதிதான், ஐந்து மாதத்துக்குப் பதில் எட்டு மாதம் தாங்கியிருக்கும்.

கேரட்லோடு தம்பி, முதலில் வண்டியை நிறுத்துங்கள். காலி வண்டியாகக்கூட மலை ஏறாதீர்கள். மண்டிக்காரர் கோபித்துக்கொண்டால் வாடகை வண்டி பிடித்துக் கொடுங்கள்.

இனி அந்தக் கறுப்புத் திரவம். பூஸ்டருக்குள் வருவது இரண்டே இரண்டு திரவம்தான், ஒன்று பிரேக் ஆயில், இன்னொன்று எஞ்சின் ஆயில். பெடலை அமுக்கினால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போனால் பிரேக் ஆயில் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் நேராகப் பூஸ்டருக்குள் இறங்கும். டப்பாவில் அளவு குறையும், ஆனால் எந்தச் சக்கரத்திலும் கசிவு இருக்காது, ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அது உள்ளே பெயின்ட்டை உரித்து தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின் ஆயில் என்றால் வேறு வேலை, அது ரப்பரை ஊற வைக்கும், டயாபிரம் ஊறின அப்பளம் மாதிரி நெளிந்துபோகும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒரு சொட்டைத் தண்ணீர் டம்ளரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும், எஞ்சின் ஆயில் மேலே மிதக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதுவும் செய்யாதீர்கள். பதினாலு வருடம் ஓடிய முதல் பூஸ்டர் போவதற்கு முன்னால், ஆறு மாதத்துக்குள், வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? பிரேக்கோடு சம்பந்தம் இல்லாத வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள்.

இரண்டாங்கியர்

பெரியவர் சொல்வதற்கு நடுவில் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் கேரட்லோடு. இறக்கத்தில் நியூட்ரல் தள்ளிவிட்டு எஞ்சினை ஆஃப் பண்ணுகிற பழக்கம் உண்டா? டீசல் மிச்சம் என்று நம்ம லைனில் பாதிப் பேர் செய்கிறார்கள். எஞ்சின் நின்றால் பம்ப் நின்றது, பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்கம் இரண்டு மூன்று அமுக்குக்குத்தான் வரும், அதற்கப்புறம் நீங்கள் சொன்ன அதே கல் பெடல்தான். கல்லாறில் இருந்து குன்னூர் வரை பதினாலு கொண்டை ஊசி. ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்கு வண்டி பழக்கியவர் சொன்னார், இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் இறங்குகிறேன்.

இன்னொன்று, எல்லாருமே பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். காலுக்குத் தெரியும் வித்தியாசம் மூன்று வகை. பெடல் எப்போதும் போல இறங்குகிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகின வாசனை வருகிறது என்றால் லைனரும் டிரம்மும் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி தரைக்கே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது, டாட் 3 ஆயில் புதுசில் 205 டிகிரி தாங்கும், ஈரம் குடித்த பிறகு 140தான். பெடல் கல்லாக நிற்கிறது என்றால்தான் பூஸ்டர் பக்கம். உங்களுடையது மூன்றாவது வகையா, உறுதியா?

கேரட்லோடு

இரண்டாங்கியர் அண்ணா, உறுதி. வாசனை இல்லை, பெடல் இறங்கவே இல்லை. நியூட்ரலும் இல்லை, ஆஃபும் இல்லை, எங்கப்பா இதே ரோட்டில் லாரி ஓட்டினவர், அந்தப் பழக்கம் வந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். ஆனால் ஒன்று கவனித்தேன், கல் ஆனதும் கிளட்சை அமுக்கி ஆக்சிலேட்டரை ஒரு முறை உறுமவிட்டால் பெடல் கொஞ்சம் இளகுகிறது.

பெரியவர் ஐயா, வண்டியை நிறுத்திவிட்டேன். தண்ணீர் டம்ளர் சோதனை செய்தேன். மிதக்கிறது. பிரேக் ஆயில் அளவும் குறையவே இல்லை, ஏப்ரலில் கோடு போட்டு வைத்திருந்தேன், அப்படியே நிற்கிறது.

முன்னால் பார்த்த வேலை என்றால், 2024 பிப்ரவரியில் ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் இறங்கி சார்ஜ் ஏறவில்லை, எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஆயில் சீல், கார்பன் பிரஷ் எல்லாம் மாற்றினேன். அது வேறு கதை, பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆம்பியர்

அது வேறு கதை இல்லை சார், அதுதான் உங்கள் கதை 😀 நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியன், இந்த மாதிரி ஆல்டர்னேட்டரைத் தினமும் பிரிக்கிறேன், எங்கள் தொழிலில் நடக்கிற தப்பு என்பதால் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

பெட்ரோல் வண்டியில் எஞ்சின் காற்று இழுக்கும் குழாயிலேயே வேக்கம் கிடைத்துவிடும், திராட்டில் தட்டு அடைத்துக்கொண்டிருப்பதால். டீசலில் அப்படி அடைப்பு கிடையாது, அதனால் தனியாக ஒரு பம்ப். உங்கள் வண்டியில் அது ஆல்டர்னேட்டர் தண்டின் பின்முனையில் சுற்றுகிறது. அதில் மூன்று குழாய் இருக்கும், போய்ப் பாருங்கள். பூஸ்டருக்குப் போவது ஒன்று. எஞ்சினில் இருந்து பிரஷரோடு ஆயில் கொண்டுவரும் மெல்லிசுக் குழாய் ஒன்று, உள்ளே இருக்கும் பிளேடுகள் ஆயிலில்தான் வழுக்கி ஓடும். மூன்றாவது தடித்த ரப்பர் ஹோஸ், அது எஞ்சின் பிளாக்குக்குத் திரும்பிப் போகிறது. பூஸ்டரில் இருந்து உறிஞ்சின காற்று, உயவுக்கு வந்த ஆயில், இரண்டும் வெளியேற அந்த ஒரே வாசல்தான்.

ஆல்டர்னேட்டர் கழற்றும்போது அந்த ரிட்டர்ன் ஹோஸ் வறண்டு வெடித்துப்போய் இருக்கும், இழுத்தால் கிழியும். ஒரிஜினல் உடனே கிடைக்காது. பையன் பக்கத்துக் கடையில் அதே சைஸில் ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் ஒரு துண்டு வாங்கி மாட்டிவிடுவான். தண்ணீர் ஹோஸ் ரப்பருக்குச் சூடான ஆயில் ஆகாது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், உள்சுவர் ஊதி ஊதி வழியை அடைத்துவிடும்.

வாசல் அடைத்தால் என்ன ஆகும்? பம்பில் ஆயில் தேங்கும், காற்றையும் தள்ள முடியாது, வேக்கம் மெதுவாக ஏறும். அடுத்தடுத்து பிரேக் அடித்தால் செலவாகும் வேகத்துக்குப் பம்ப் ஈடு கொடுக்காது, உறுமவிட்டால் கொஞ்சம் தேறும். நீங்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான். அப்புறம் எஞ்சினை ஆஃப் பண்ணினதும் பூஸ்டருக்குள் இருக்கும் வேக்கம் என்ன செய்யும்? பம்பில் நிற்கும் ஆயிலை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி தன் பக்கம் இழுக்கும். நடுவில் 'நான்-ரிட்டர்ன்' வால்வு ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வழி விடும், அது நன்றாக இருந்தால் விடாது. அதையும் மூன்று முறையும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பட்டறைப்பெரியவர்

ஆம்பியர் தம்பி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவுடனே ஹோஸை வாங்கப் போகாதீர்கள், அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் பூஸ்டர் மாற்றின மாதிரியே ஹோஸும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வேக்கம் கேஜ் இல்லை என்றால் ஏசி மெக்கானிக்கிடம் இருக்கும், நீலக் கலர் ஹோஸ் மாட்டின கேஜில் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது அங்குலம் வரை கோடு இருக்கும், அது போதும். நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு) போட்டு மாட்டுங்கள். ஐடிலிங்கில் எவ்வளவு நேரத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் உயரத்தில் நல்ல பம்ப் இருபத்தைந்தைத் தொடும். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள், கால் நிமிடத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் விழக்கூடாது. விழுந்தால், திரும்ப ஸ்டார்ட் பண்ணி வேக்கம் ஏற்றி, நிறுத்தினவுடனே வால்வுப் பக்கத்து ஹோஸைத் துணி சுற்றின பிளையரால் நெரியுங்கள். விழுவது நின்றால் வால்வு கள்ளன். நெரித்தும் விழுந்தால் பூஸ்டரும் போயாச்சு.

கடைசியாக ரிட்டர்ன் ஹோஸைப் பிளாக் பக்கம் கழற்றி ஒரு காலி பாட்டிலில் விட்டு, பிளாக் ஓட்டையை அடைத்துக்கொண்டு, அரை நிமிடம் மட்டும் ஐடிலிங்கில் ஓட விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆயில் புஸ் புஸ் என்று காற்றோடு துப்பவேண்டும். சொட்டு சொட்டாக வந்தால் தெரிந்துபோகும். ஆயில் சூடாக இருக்கும், கை ஜாக்கிரதை.

மலைக்காற்று

குறுக்கே வருகிறேன். நான் ஊட்டியில் இருக்கிறேன், என் வண்டியில் கேஜ் இருபதரைக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

பட்டறைப்பெரியவர்

வேண்டாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே பாதரசக் கணக்கில் இருபத்துமூன்று அங்குலத்துக்குக் கிட்டத்தான், அதற்கு மேல் எந்தப் பம்பாலும் காட்ட முடியாது. கீழே இருபத்தாறு காட்டுகிற பம்ப் மேலே இருபது, இருபத்தொன்றுதான் காட்டும். மேலே பிரேக் கொஞ்சம் கனமாக இருப்பதும் அதனால்தான். சந்தேகமாக இருந்தால் அடுத்த முறை கீழே வரும்போது அளந்து பாருங்கள்.

கேட்டதால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒன்பது அங்குலப் பூஸ்டர் என்றால் டயாபிரம் பரப்பு நானூறு சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருபது அங்குல வேக்கத்தில் அதன்மேல் வெளிக்காற்று தள்ளுகிற விசை இருநூற்று எண்பது கிலோ வரும். பூஸ்டர் போனால் அந்த உதவி முழுசும் போச்சு, பெடலின் நெம்புகோல் பலத்தை மட்டும் வைத்து உங்கள் கால்தான் ஈடுகட்ட வேண்டும். லோடுமேன் பையன் பேசாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

கேரட்லோடு

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஏசி கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைதான் கேஜ் தந்தார்.

ஐடிலிங்கில் முள் ஊர்ந்து ஊர்ந்து ஏறி பதினேழில் நின்றுவிட்டது, முக்கால் நிமிடம் பிடித்தது. எஞ்சினை நிறுத்தினேன், ஒரு நிமிடத்துக்குள் பூஜ்ஜியம். ஹோஸை நெரித்து இன்னொரு முறை பார்த்தேன், விழுவது பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்படியென்றால் வால்வும் போச்சு, மூன்றாவது பூஸ்டரும் போச்சு.

அப்புறம் ரிட்டர்ன் ஹோஸ். பிளாக் பக்கம் கழற்றிப் பாட்டிலில் விட்டேன். சொட்டு. சொட்டு. அவ்வளவுதான். சரி என்று அந்த ஹோஸையே முழுசாகக் கழற்றிவிட்டு, பம்ப் வாயில் ஹைட்ராலிக் கடையில் வாங்கின ஆயில் ஹோஸைச் செருகிப் பாட்டிலில் விட்டேன். முதலில் தேங்கிக் கிடந்த கறுப்பு ஆயில் கொட்டியது, பிறகு புஸ் புஸ் என்று துப்ப ஆரம்பித்தது, பத்து வினாடிக்குள் கேஜ் இருபத்தைந்து. பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் பீடியைக் கீழே போட்டார்.

பழைய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். வெளிச்சுவரில் இன்னும் எழுத்துகூட அழியவில்லை. உள்ளே ரப்பர் கொழகொழவென்று ஊதி, நடுவில் ஒரு இடத்தில் உள்தோல் தனியாகக் கழன்று நாக்கு மாதிரி மடிந்து கிடந்தது. பென்சில் நுழையவில்லை, தென்னங்குச்சிதான் நுழைந்தது. ஆம்பியர் அண்ணா, தண்ணீர் ஹோஸேதான். வால்வை வாயில் வைத்து ஊதினேன் (நன்றாகத் துடைத்துவிட்டுத்தான்), இரண்டு பக்கமும் காற்று போகிறது.

பிப்ரவரியில் வேலை பார்த்த எலெக்ட்ரீஷியனிடம் துண்டைக் காட்டினேன். அன்றைக்குக் கடையில் அதுதான் இருந்தது என்றார். அவரைச் சொல்லி என்ன, மூன்று பூஸ்டர் வாங்கும் வரை கவிழ்த்துப் பார்க்காதது நான்தானே.

ஆம்பியர்

சபாஷ். இப்போது புது வால்வு மாட்டும்போது அம்புக்குறி பம்ப் பக்கம் பார்க்கவேண்டும், திருப்பி மாட்டினால் பூஸ்டருக்கு வேக்கமே போகாது. பம்புக்கும் பூஸ்டருக்கும் நடுவில் போகும் வேக்கம் ஹோஸையும் கழற்றிவிட்டுப் புதுசு போடுங்கள், அதன் உள்ளேயும் ஆயில் ஊறியிருக்கும், நாலாவது பூஸ்டருக்கு முதல் விருந்து அதிலிருந்துதான் போகும். ஆல்டர்னேட்டர் பின் சீலையும் பாருங்கள், இத்தனை நாள் ஆயில் தேங்கினதில் திரும்பக் கசிய ஆரம்பித்திருக்கலாம்.

வேகத்தடை

நாலாவது பூஸ்டராவது ஒரிஜினல் போடுங்கப்பா.

பட்டறைப்பெரியவர்

அது சரிதான், இந்த முறை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு விஷயம் பாக்கி. ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன்மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, குதித்து விழுந்தால் பிஸ்டன் ரிங் வழியாக சம்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காற்றழுத்தம் ஏறுகிறது, அல்லது அந்தக் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறது, அப்போது நல்ல ஹோஸ் போட்டாலும் ஆயில் திரும்பி இறங்கச் சிரமப்படும். இன்னொன்று, பூஸ்டர் மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுகிறார்கள் அல்லவா, அந்தச் சீலை யாராவது டீசலில் கழுவ வந்தால் கையைத் தட்டிவிடுங்கள். பிரேக் ரப்பரை பிரேக் ஆயிலில் மட்டும்தான் கழுவ வேண்டும். பூஸ்டரில் இருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தள்ளுகோலின் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள், இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றால் பிரேக் விடாமல் பிடித்து டிரம் சூடேறும்.

மாட்டி முடித்ததும், எஞ்சின் ஆஃபில் பெடலை ஐந்தாறு முறை அமுக்கி வேக்கத்தைக் காலி செய்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பெடல் காலடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். பத்து நடை போனபிறகு பூஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியைத் திரித்து உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள்.

கேரட்லோடு

மூடி ஆடுகிறது, குதிக்கவில்லை. எல்லாம் மாட்டியாச்சு, பூஸ்டர் இந்த முறை ஹோலோகிராம் பார்த்துத்தான் வாங்கினேன் வேகத்தடை. முதல் நடை அரை லோடு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், கல்லாறு வரும்வரை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நடை நேற்று முடிந்தது. காலையில் துணி விட்டு எடுத்தேன், கொஞ்சம் தூசிதான் வந்தது, ஆயில் இல்லை.

பழைய பூஸ்டர் இரண்டைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன். மூன்றாவதை அப்பா தரவில்லை, ஹாக்ஸா பிளேடு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார், அறுத்து உள்ளே பார்க்கணுமாம்.